மலையடியில் விலகிய சிவப்புக் கோடு

வாணி,

நீ போனை வைத்த பிறகு உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே, "இனிமே போன் பண்ணாதீங்க. அவ எடுக்க மாட்டா," என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். போனில் என் குரல் உயர்ந்துவிடுகிறது. உயர்ந்ததும் நீ கேட்பதை நிறுத்திவிடுகிறாய். எழுத்தில் நான் கொஞ்சம் நிதானமானவன். நிலவியல் துறையில் என்னைப் பிடிக்காத அதிகாரிகள்கூட என் அறிக்கைகளில் குறை கண்டதில்லை. இதையும் ஓர் அறிக்கையாகவே படி. நடுவில் கோபம் வந்தால் எழுந்துபோய் ஒரு தே தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. ஆனால் சனிக்கிழமைக்கு முன் படித்து முடித்துவிடு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை உன் களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களை அந்தக் கோயில் மலையடிக்கு அழைத்துப் போகாதே. சென்ற ஆண்டு அவர்கள் உட்கார்ந்து எழுதினார்களே, சாப்பிட்டார்களே, அந்தப் பாறை நிழலில் யாரையும் உட்கார வைக்காதே. அந்த நிழலுக்கு மேலே ஒரு லாரி அளவுள்ள பாறை மலையை விட்டு இறங்கத் தொடங்கியிருக்கிறது. எப்போது விழும் என்று எனக்குத் தெரியாது. இந்த வாரமே விழலாம். நான் போய்ச் சேர்ந்த பிறகும் விழலாம். அந்த நாள் தெரிந்திருந்தால் நான் உன்னோடு சண்டை போட்டிருக்க மாட்டேன். வேறொரு சனிக்கிழமையில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

இதைத்தான் போனிலும் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு நினைவிருக்கும். "அப்பா, நீங்க பாக்குற எல்லா மலையும் விழும்னுதான் சொல்வீங்க. எனக்கு வெவரம் தெரிஞ்சதிலேருந்து சொல்றீங்க. ஒன்னும் விழலையே லா." அதற்கு நான் ஏதோ சொல்ல, நீ மெதுவாக, மிக மெதுவாகச் சொன்னாய்: "ஒன்னு உருப்படியா நடந்தா உங்களுக்குப் பொறுக்காதுப்பா." அந்த வாக்கியம் நீ அன்று யோசித்துச் சொன்னதல்ல. வெகுகாலமாக உன்னிடம் தயாராக இருந்தது. நான் மறுக்கவில்லை. இந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் திட்டாத துறைத்தலைவர் இல்லை, குத்தகையாளர் இல்லை, அமைச்சரின் மருமகன் இல்லை. மலைகளைப் பற்றி நான் சொன்னவற்றையும் நீ அந்தத் திட்டுகளோடு சேர்த்தே கேட்டு வளர்ந்தாய். எது பாறையைப் பற்றிய பேச்சு, எது மனிதர்களைப் பற்றிய பேச்சு என்று உன்னால் பிரித்துப் பார்க்க முடியாமல் போனதற்கு நீ பொறுப்பில்லை. ஆனால் இந்த ஒன்றை மட்டும் பிரித்துப் பார். இதில் எனக்கு எதிரி யாரும் இல்லை.

நீ நிலவியல் துறைக்குள் நம் தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டுவரப் போகிறேன் என்று தொடங்கியபோது நான் தடுத்தது உண்மை. தோட்டங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்களை, ஜெலாப்பாங் மலிவு அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளை, படிவம் நான்கிலேயே, பதினாறு வயதிலேயே, களத்துக்கு அழைத்துப் போய், கையில் சுத்தியலையும் பூதக்கண்ணாடியையும் கொடுத்தால், அவர்களில் சிலராவது இந்தப் படிப்புக்கு வருவார்கள் என்று நீ சொன்னாய். வகுப்பறையில் படம் போட்டுக் காட்டினால் வரமாட்டார்கள், பாறையைத் தொட்டால்தான் வருவார்கள் என்றாய். நான் என்ன கேட்டேன்? "வந்து? வந்து என்ன பண்ணப் போறாங்க? எனக்கு நடந்ததுதான் அவங்களுக்கும் நடக்கும்." நீ எழுந்து போய்விட்டாய்.

எனக்கு என்ன நடந்தது என்பதை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். என் முதல் களப்பயிற்சியில் தமிழன் நான் ஒருவன்தான். பூட்ஸ் இல்லை, கான்வாஸ் சப்பாத்து. விரிவுரையாளர் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, இவன் தோட்டத்துப் பையன், நன்றாகச் சுமப்பான் என்று சொல்லி, மற்றவர்கள் எடுத்த கல் மாதிரிகளையெல்லாம் என் பையில் போடச் சொன்னார். அவர்களும் சிரித்துக்கொண்டே போட்டார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதே நாள் மத்தியானம் ஓர் ஆற்றுப் படுகையில் கிரானைட்டும் சுண்ணாம்புக்கல்லும் சேரும் எல்லையைக் கண்டோம். மற்றவர்கள் குறிப்பெடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நான் குனிந்து கட்டை விரலை ஒன்றின் மேலும் சுண்டுவிரலை மற்றொன்றின் மேலும் வைத்தேன். ஒரு காலத்தில் கொதிக்கும் குழம்பாக இருந்ததும், அதற்கும் முன்னால் கடலடியாக இருந்ததும் என் ஒரே உள்ளங்கைக்குக் கீழே இருந்தன. முதுகில் அடுத்தவன் கல். கையடியில் அது. இரண்டும் ஒரே நாளில் எனக்குக் கிடைத்தன. களம் ஒருவனை இந்தப் படிப்புக்குள் இழுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவனுடைய இடம் எது என்று அவனுக்குக் காட்டிக்கொடுப்பதும் அதே களம்தான் என்பதால்தான் பயந்தேன். பயத்தை எனக்குக் கோபமாகத்தான் சொல்ல வரும்.

நீ அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கவில்லை. முதல் ஆண்டு ஆற்றங்கரையில் நடத்தினாய். நல்ல இடம். ஆனால் வெயில். மறுவாரம் ஒரு தாய் வீட்டுக்கே வந்து, "மிஸ், போகும்போது மாநிறமா போனா, வரும்போது சட்டி மாதிரி வந்தா. நாளைக்கு யாரு கட்டுவா? நீங்களே சொல்லுங்க," என்று கேட்டதும், நீ சிரிக்காமல் பதில் சொன்னதும், உள்ளே இருந்து நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இன்னொருவர் கழிப்பறை இல்லை என்றார். இன்னொருவர், ஆம்பள பிள்ளைகளோடு காட்டுக்குள் எதற்கு என்றார். உன் நிலையில் நான் இருந்திருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். நீ விடவில்லை. ஒவ்வொன்றையும் தீர்த்தாய். நிழல் வேண்டும், கழிப்பறை வேண்டும், பெற்றோருக்கு நம்பிக்கையான இடம் வேண்டும், சக்கர நாற்காலி போகும் தரை வேண்டும் என்று தேடித் தேடி அந்தக் கோயில் மலையைக் கண்டுபிடித்தாய். மலையடியில் சிமெண்டுத் தரை. தலைக்கு மேல் கூரைபோல நீண்டு நிற்கும் பாறை. பக்கத்திலேயே சமையற்கட்டு, மத்தியானம் அன்னதானம். கோயில் என்றதும் ஒரு தாயும் மறுக்கவில்லை. சிலர் கூடவே வந்தார்கள்.

இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நீ கவனக்குறைவால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. இதுவரை யாரும் கவனிக்காத பிள்ளைகளைக் கவனித்ததால் தேர்ந்தெடுத்தாய். அவர்களுக்காக நீ செய்த ஒவ்வொரு நல்ல முடிவும் அவர்களை அந்தப் பாறைக்கு இன்னும் ஓர் அடி கிட்டே கொண்டுபோய் நிறுத்தியது. என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான்.

சென்ற ஆண்டு நானும் வந்திருந்தேன். நீ அழைக்கவில்லை, உன் அம்மா இழுத்துக்கொண்டு வந்தாள். ஓரமாக நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உன் மாணவி ஷாமளாவைப் பார்த்தேன். அந்தச் சக்கர நாற்காலியும் அந்த வாயும். நீ பாறைச் சுவரருகே அவள் நாற்காலியை நிறுத்தினாய். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மத்தவங்கதான் மிஸ் மலை ஏறணும். எனக்குன்னா மலையே கிட்ட வந்து நிக்குது பாருங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இந்த முறை வெட்கமில்லாமல். பிறகு அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக்கல்லின் ஒரு படிகத்தை வெகுநேரம் பார்த்தாள். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "இருங்க லா, இது இன்னும் முடியல," என்றாள். அந்த நேரத்தில் நீ என்னைப் பார்த்தாய். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். நீ சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ள எனக்கு இன்னொரு ஆண்டு தேவைப்பட்டது. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அன்று நானும் அந்த நிழலில்தான் தயிர்ச்சோறு சாப்பிட்டேன். தலைக்கு மேல் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. காரணத்தைப் பின்னால்தான் யோசித்தேன். கோயில்காரர்கள் அந்தப் பாறையின் அடிப்பகுதிக்கு ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடிக்கிறார்கள். பட்டைகளின் மேல் விளிம்பில், கயிறு பிடித்து, நேராக ஒரு சிவப்புக் கோடு. வண்ணம் அடித்ததும் அது பாறை என்பது மறந்துபோகிறது. கோயில் மதில் ஆகிவிடுகிறது. மதிலை நாம் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. வெறும் பாறையாக இருந்திருந்தால், பழைய முகம் கறுத்தும் புதிதாக உடைந்த இடம் வெளுத்தும் இருப்பதை நீயும் கண்டிருப்பாய், நானும் கண்டிருப்பேன். வண்ணத்துக்கு அடியில் எல்லாம் ஒரே வயது.

இந்த மாதம் நீ அழைப்புப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாய். உன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பாருங்க, உங்க மக எவ்ளோ அழகா போட்டிருக்கா," என்று போனை நீட்டினாள். நீ இடத்தைப் பார்க்கப் போனபோது எடுத்த படம். பின்னணியில் அந்தச் சுவர். நான் எழுத்தைப் படிக்கவில்லை. சிவப்புக் கோட்டைத்தான் பார்த்தேன். இடது பக்கத்திலிருந்து நேராக வந்த கோடு, ஓர் இடத்தில் அறுந்து, கொஞ்சம் கீழே இறங்கி, அங்கிருந்து மறுபடி நேராகப் போனது. மாடிப்படி மாதிரி ஒரே ஒரு படி. சென்ற ஆண்டு படத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் கோடு நேர். அந்தப் படத்தில், இப்போது படி விழுந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே, ஷாமளாவின் நாற்காலி நிற்கிறது. சிமெண்டு அங்கேதான் வழவழப்பு. நிழலும் அங்கேதான் அதிகம்.

கேமரா கோணமாக இருக்கும் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். மறுநாள் காலை பேருந்து பிடித்துப் போனேன். வண்ணம் அடித்தவனின் கை நடுங்கியிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டே போனேன். இல்லை. கோட்டின் இரு பக்கமும் நூல் பிடித்தாற்போல நேர். நடுவில் சாய்வாக மேலே ஏறிப்போகும் ஒரு வெடிப்பு. அதற்கு வலப்பக்கம் இருக்கும் பாறை முழுவதும், வண்ணத்தோடு, கோட்டோடு, கீழே இறங்கியிருக்கிறது. என் நகத்தின் அகலம்தான். வண்ணம் அடித்தது இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு. அதற்குப் பிறகு நடந்த இறக்கம் இது. பூசாரி அந்த நிழலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். சருகில் பொடிக்கற்கள் கலந்திருந்தன. கையில் எடுத்துப் பார்த்தேன். வெளுத்தவை, ஓரம் கூரானவை. "எங்கேருந்து சாமி இது?" என்றேன். "தெரியல சார். காலையில கூட்டுறேன், மழை பேஞ்சா மறுபடியும் கிடக்கு. கொரங்கு தள்ளுது போல," என்றார். நான் பார்த்தவரை அந்தப் பக்கம் ஒரு குரங்கும் இல்லை.

கோயில் தலைவரை நீ அறிவாய். நல்ல மனிதர். என்னை உட்காரவைத்து வடை கொடுத்தார். வெடிப்பைக் காட்டினேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "அதுவா சார்? அது எப்பவும் உள்ளதுதான். வருஷா வருஷம் சிமெண்டு வச்சு அடைச்சுட்டுத்தான் சாயம் அடிக்கிறோம். அடுத்த வருஷம் மறுபடி வாய் திறந்துக்கும். நாங்களும் விடுறதில்ல." நான் பேனாக்கத்தியால் வண்ணத்தைக் கொஞ்சம் பெயர்த்தேன். வெடிப்புக்குள் பழைய சிமெண்டு, அதை ஒட்டி அடுத்த ஆண்டுச் சிமெண்டு, அதை ஒட்டி அதற்கடுத்தது. மரத்தின் வளையம்போல வரிசையாக நின்றன. உள்ளே இருந்தவை மெலிதாக இருந்தன. வெளியே வர வர ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தடித்திருந்தது. அதற்கு என்ன பொருள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாறை விலகும் வேகம் கூடிக்கொண்டு வருகிறது.

"சாமி மலை சார், ஒன்னும் ஆவாது லா," என்றார் தலைவர். சமையற்கட்டையாவது மாற்றுங்கள் என்று கேட்டேன். கமிட்டியில் பேச வேண்டும் என்றார். மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருவார்கள். எப்போது என்று அவர்களும் சொல்லவில்லை. போவதற்கு முன் ஒன்று செய்தேன். வீட்டிலிருந்து எடுத்துப்போன நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டு ஒன்றை பாறை அசைந்தால் உடையட்டும் என்று வெடிப்பின் குறுக்கே பசை வைத்து ஒட்டிவிட்டு வந்தேன். அன்று இரவு மழை, நீயும் கேட்டிருப்பாய். காலையில் போய்ப் பார்த்தேன். கண்ணாடி இரண்டாகியிருந்தது. அதன் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். என் குரல் ஏன் அப்படி இருந்தது என்று இப்போது உனக்குப் புரியலாம். "ஹெல்மெட் எல்லாம் இருக்குப்பா," என்றாய் நீ. வாணி, ஹெல்மெட் பொடிக்கல்லுக்குத்தான்.

உன் கவலையும் எனக்குத் தெரியும். இப்போது இடம் ஆபத்து என்று சொன்னால், பெற்றோர் பயந்து பிள்ளைகளைத் திரும்ப அனுப்பவே மாட்டார்கள். அப்பவே நினைத்தோம், கல்லும் மலையும் பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்று, மகள் நிறம் போனதைக் கேட்க வந்த அந்தத் தாய் சொல்லிவிடுவாள். இவ்வளவு நாள் நீ சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் போகும். போகலாம். ஆனால் அதற்கும் ஒரு வழி யோசித்திருக்கிறேன். என் யோசனை என்பதற்காக ஒதுக்காதே.

பத்து காஜா ஊர்ப்பக்கம் நான் பிறந்த தோட்டத்துக்குப் போய்வந்தேன். ரப்பர் பால்மரம் எல்லாம் போய் எண்ணெய்ச் செம்பனை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடத்தில் புல். எனக்கு அங்கே எந்த ஏக்கமும் இல்லை, அந்த இடத்தை விட்டு வெளியேறத்தான் படித்தேன். ஆனால் கீழே ஓடும் சிற்றோடை இன்னும் கிரானைட் மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அகலமான மரத்தட்டில் அந்த மணலை அலசினால் வெள்ளீயத் தாது கறுப்பு மணலாக அடியில் தங்கும். பிள்ளைகள் தங்கள் கையாலேயே அதை எடுக்கலாம். மேலே விழ எதுவும் இல்லை. ஈயம் தோண்டிய பழைய லம்பக் குளம் தூரத்தில் இருக்கிறது, அந்தக் கரைக்குப் போகும் பாதையை மட்டும் கயிறு கட்டி மூடிவிடு. மேனேஜரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை கழிப்பறையைத் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார். நிழலுக்குக் கூடாரம் சொல்லிவிட்டேன். வண்டி வரும் மண் சடக்கிலிருந்து ஓடை வரைக்கும் பலகை போட்டிருக்கிறேன், ஷாமளாவின் நாற்காலிக்காக. உன் அம்மா பலகையின் மறுமுனையைப் பிடித்தாள். பிறகு அதன்மேல் நடந்து பார்த்து, "ஆடுது, இன்னொன்னு வைங்க," என்றாள். வைத்தேன்.

இன்னும் ஒன்று. அந்த இரண்டு படங்களையும் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோ. சென்ற ஆண்டு, இந்த ஆண்டு. கூடாரத்தில் மேசைமேல் வை. எதுவும் சொல்லாதே. என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் கேள். ஷாமளா கண்டுபிடிப்பாள், எனக்குச் சந்தேகமில்லை. பிறகு அவர்களே சாலைக்கு அந்தப் பக்கம், தூரத்தில் நின்று, மாதாமாதம் படம் எடுத்து, கோடு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கட்டும். அவர்களே கோயில் கமிட்டிக்கு எழுதட்டும். என் பேச்சைக் கேட்காத தலைவர், தன் கோயிலில் சாப்பிட்ட பிள்ளைகள் கையெழுத்திட்டு வந்து நின்றால் கேட்கக்கூடும். எங்கள் பிள்ளைகளை மலைக்கு அடியில் உட்கார வைத்தார்கள் என்று சொல்வதற்குப் பதில், எங்கள் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள் என்று அந்தத் தாய் சொல்வாள். இதைவிட நல்ல ஆராய்ச்சி அனுபவம் உன்னிடம் வேறு இருந்தால் சொல்.

நான் எழுதிய ஓர் அறிக்கை வேறொருவர் பெயரில் வெளிவந்ததை நீ நூறு முறை கேட்டிருக்கிறாய். இதுவும் என் அறிக்கைதான். இதில் என் பெயர் வேண்டாம். அவர்கள் பெயரைப் போடு. யாரும் பிடுங்காமல், நானாகக் கொடுப்பது எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்க்கிறேன்.

இந்தக் கடிதம் எல்லோரும் படிப்பதற்காகவே எழுதப்பட்டது. ஞாயிற்றுப் பத்திரிகைக்கும் பெற்றோர் குழுவுக்கும் போகும்படி இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். முதல் பிரதி உனக்கு. நீ இடத்தை மாற்றினால், பிள்ளைகள் தங்கள் கண்டுபிடிப்பை எழுதும்வரை மற்றப் பிரதி மேசை இழுப்பறையில் கிடக்கும். மாற்றவில்லை என்றால் வெள்ளிக்கிழமையே அனுப்புவேன். நீ என்னை மன்னிக்க மாட்டாய். எனக்கு அது பழக்கமில்லாத நிலை அல்ல.

ஆனால் கடிதங்களைப் படிக்காதவர்கள் இருக்கிறார்கள். அதையும் அனுபவத்தில் கண்டவன் நான். ஆகவே சனிக்கிழமை காலை உன் பஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் நான் தோட்டத்தில் காத்திருக்கப் போவதில்லை. அங்கே உன் அம்மா இருப்பாள், பலகையருகே. நான் மலையடியில், அந்தச் சிமெண்டுத் தரையில், சிவப்புக் கோடு அறுந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நிழல் நன்றாக இருக்கும். ஷாமளாவை அங்கே நிறுத்த வேண்டுமென்றால், நீ கிட்டே வந்து, மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, என்னை எழுந்திருக்கச் சொல்ல வேண்டும்.

அப்பா